முதல் லிட்டர்

தண்ணீர் பரிசோதனைக் கூடத்துக்கு சாம்பிள் எடுத்து வருவது என் வேலை. தண்ணீரில் காரீயம் (லெட் என்கிற நச்சு உலோகம்) இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் இரவு முழுக்க யாரும் திறக்காத குழாயில், விடிந்ததும் வரும் முதல் லிட்டரையே பிடிக்க வேண்டும். குறைந்தது ஆறு மணி நேரமாவது தண்ணீர் உள்ளே அசையாமல் நின்றிருக்க வேண்டும். வடசென்னையில் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் இதைப் புரியவைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். "இரு தம்பி, மொதல் தண்ணி கலங்கலா வரும், கொஞ்சம் ஓடட்டும்" என்று வீட்டு அக்கா குழாயைத் திருகிவிடுவார். கையோடு பாட்டிலையும் அலசித் தருவார். அவ்வளவுதான், மறுநாள் மறுபடி போக வேண்டும். இத்தனைக்கும் குடிக்கிறவருக்கு அவர் செய்ததுதான் நல்லது!

எல்லோருக்கும் சந்தேகம் சென்னைக் குடிநீர் வாரியமான மெட்ரோ வாட்டர் மேல்தான். புழல் ஏரி, மீஞ்சூர் கடல்நீர் ஆலை என்று தூரத்தைக் காட்டுவார்கள். காரீயமோ பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே சேர்கிறது. கடைசலில் சுலபமாகச் சீவ வரும் என்பதற்காகக் குழாய் செய்யும் பித்தளையில் அதைக் கலக்கிறார்கள். நின்ற தண்ணீர் மெல்ல அரித்து எடுக்கிறது. வெந்நீர் என்றால் இன்னும் அதிகம். பிவிசி பைப்பிலும் காரீய உப்பு சேர்ப்பதுண்டு. அதைக் கட்டுப்படுத்த மத்திய அரசு 2021இல்தான் விதி கொண்டுவந்தது.

இந்தியத் தர நிர்ணயத்தில் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். நிறமில்லை, ருசியில்லை. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். ஒரே குழாயில் முதல் பாட்டில் வரம்பைத் தாண்டும், கொஞ்சம் ஓடவிட்டுப் பிடித்தது தேறிவிடும். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "உங்க லேப்லதான் கோளாறு" என்பார்கள்.

குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த தெருவில் நின்று, தண்ணீரை ஓடவிட்டுக் கொட்டுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. முதல் வாளியைப் பாத்திரம் கழுவ வையுங்கள், குழந்தைக்குப் பால் கலக்க மட்டும் எடுக்காதீர்கள் என்பேன். சின்னப் பிள்ளைகளின் மூளையைத்தான் அது முதலில் பிடிக்கும்.

பிளம்பர் அண்ணன் ஒருவர் பாரிமுனையில் வாங்கிய பித்தளைக் குழாயைக் கையில் தூக்கிப் பார்த்து, "கனமா இருக்கு, நல்ல மால்" என்றார். கனத்தை வைத்துக் காரீயத்தைச் சொல்ல முடியாதண்ணே, குடிக்கிற குழாய்க்காவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள் என்றேன்.

"வெலைய யாரு தம்பி குடுப்பா? ஹவுஸ் ஓனரா?"