ஒரு டன் மணல் எத்தனை கன அடி?

கேள்வி ஒன்றுதான், பதில் மூன்று. நன்றாகக் காய்ந்த மணலைத் தளர்வாகக் கொட்டினால் ஏறக்குறைய 22.8 கன அடி. கொஞ்சம் ஈரம் ஏறிய மணல் என்றால் 27 கன அடி. காய்ந்த மணலையே குத்தி இறுக்கினால் 21-க்கும் கீழே. மூன்றும் சரியான கணக்குதான். எடையைக் கன அளவாக மாற்றும்போது வகுத்தலில் யாரும் பெரிதாகத் தவறுவதில்லை. எந்த அடர்த்தியால் வகுக்கிறோம் என்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

கன அளவு = எடை ÷ அடர்த்தி. கிலோவை, கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்ற அடர்த்தியால் வகுத்தால் கன மீட்டர் வரும். அதை 35.315-ஆல் பெருக்கினால் கன அடி. கம்பி, கண்ணாடி போன்ற கெட்டிப் பொருளுக்கு அடர்த்தி ஒன்றே ஒன்றுதான், பிரச்சினை இல்லை. மணல், ஜல்லி, சிமெண்ட், மண் எல்லாம் துகள்கள். துகள்களுக்கு நடுவே காற்று இருக்கிறது. மணல் துகளின் சொந்த அடர்த்தி கன மீட்டருக்கு 2650 கிலோ. அதே மணல் குவியலாகக் கிடக்கும்போது 1550 கிலோதான்; மீதி இடம் வெற்றிடம். ஆகவே துகள் அடர்த்தி வேறு, குவியல் அடர்த்தி வேறு. குவியல் அடர்த்தியிலும் தளர்வாகக் கொட்டியது, இறுக்கியது என்று இரண்டு. லாரி அளவு, அளவுப்பெட்டி அளவு பார்க்கத் தளர்வான குவியல் அடர்த்தி வேண்டும். கான்கிரீட் எவ்வளவு தேறும் என்று பார்க்கத் துகள் அடர்த்தி வேண்டும். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் விடை ஏறக்குறைய பாதிக்குப் பாதி தவறும்.

தொடக்கக் கணக்குக்குப் பிடித்துக்கொள்ளலாம் என்ற அளவில் சில எண்கள், எல்லாம் கன மீட்டருக்குக் கிலோவில். காய்ந்த தளர்வான மணல் 1450 முதல் 1600. கல் உடைத்து எடுக்கும் எம்-சாண்ட் பெரும்பாலும் அதைவிடச் சற்றுக் கூடுதல். 20 மி.மீ. ஜல்லி தளர்வாக 1400 முதல் 1550, குத்தி இறுக்கினால் 1550 முதல் 1700. மூட்டைச் சிமெண்ட் 1440. செங்கல் 1600 முதல் 1900. கம்பி போடாத கான்கிரீட் 2400, கம்பி போட்டது 2500. எஃகு 7850. அட்டவணையில் இருக்கும் எண் உங்கள் குவியலின் எண் அல்ல என்பதை மட்டும் மறக்க வேண்டாம். கல்லின் வகை, ஜல்லியின் வடிவம், சின்னதும் பெரியதும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பது எல்லாமே எண்ணை மாற்றும். ஒரே அளவு ஜல்லியைவிடப் பல அளவு கலந்த ஜல்லி கனமாக வரும்; பெரிய கல்லின் சந்தில் சின்னக் கல் போய் உட்கார்ந்துவிடுகிறது.

அதனால் அட்டவணையை நம்புவதைவிட ஒரு வாளியை நம்புவது மேல். வளையாத இரும்பு வாளி, 15 லிட்டர் அல்லது அதற்கு மேல். முதலில் காலி வாளியை நிறுக்கவும், 1.2 கிலோ என்று வைத்துக்கொள்வோம். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி நிறுக்கவும், 16.4 கிலோ. தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால் வாளியின் கொள்ளளவு 15.2 லிட்டர். வாளியைத் துடைத்துவிட்டு, விளிம்புக்கு ஐந்து சென்டிமீட்டர் மேலிருந்து மணலை மெல்லக் கொட்டி, மட்டப்பலகையால் வழித்து, மறுபடி நிறுக்கவும். 23.0 கிலோ வந்தால் மணல் மட்டும் 21.8 கிலோ. 21.8-ஐ 15.2-ஆல் வகுத்தால் லிட்டருக்கு 1.434 கிலோ, அதாவது கன மீட்டருக்கு 1434. குவியலின் மூன்று இடங்களிலிருந்து எடுத்து மூன்று முறை செய்து சராசரி காண வேண்டும். நிரப்பும்போது வாளியைத் தட்டினாலோ குலுக்கினாலோ அது தளர்வான அடர்த்தி இல்லை. பிளாஸ்டிக் வாளி வேண்டாம், நிரம்பியதும் வயிறு உப்பிக்கொள்ளும். ஜல்லியைச் சின்னப் பாத்திரத்தில் அளப்பதும் ஏமாற்றும்: சுவரை ஒட்டிய இடத்தில் கற்கள் சரியாக அடங்காமல் வெற்றிடம் கூடி, அடர்த்தி குறைத்துக் காட்டும்.

இனி மணலின் ஈரம். எல்லோரும் லேசாக எடுத்துக்கொள்வதும், அதிகம் சேதம் செய்வதும் இதுதான். ஈர மணலில் ஒவ்வொரு துகளையும் சுற்றி மெல்லிய நீர்ப்படலம் நிற்கும். அதன் பரப்பு இழுவிசை துகள்களை நெருங்கி உட்கார விடாமல் பிடித்துக்கொள்ளும், மணல் உப்பிவிடும். ஈரம் 4 முதல் 6 சதவீதம் இருக்கும்போது உப்பல் உச்சத்தில் இருக்கும்: நடுத்தர மணலில் 20, 25 சதவீதம், நைஸ் மணலில் அதற்கும் மேலே. வேடிக்கை என்னவென்றால், இன்னும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால் படலம் உடைந்து மணல் அமுங்கி, முழுக்க நனைந்ததும் காய்ந்த மணலின் அளவுக்கே திரும்பிவிடும். ஜல்லியில் இந்தச் சிக்கல் கணிசமாக இல்லை. கல் பெரிது, படலம் அதைத் தாங்காது.

இந்தக் கடைசிக் குணத்தை வைத்தே உப்பலை அளக்கலாம். 250 மி.லி. அளவு ஜாடியில் ஈர மணலைத் தளர்வாக 200 கோடு வரை போடவும். மணலை வெளியே கொட்டி வைத்து, ஜாடியில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றவும். அந்த மணலைச் சிந்தாமல் திரும்பப் போட்டு, கம்பியால் கிளறி, படிய விடவும். மணல் இப்போது 160-இல் நின்றால் உப்பல் 200 ÷ 160, அதாவது 1.25, 25 சதவீதம். சிலர் 40-ஐ 200-ஆல் வகுத்து 20 சதவீதம் என்று எழுதிவிடுவார்கள். உப்பலை எப்போதும் உப்பாத அளவின் மேல்தான் கணக்கிட வேண்டும்.

ஈரத்தின் அளவுக்கு ஒரு கிலோ மணலை இரும்புச் சட்டியில் எடை குறைவது நிற்கும் வரை வறுத்தால் போதும். 952 கிராம் மிஞ்சினால் போனது 48 கிராம். 48 ÷ 952, ஏறக்குறைய 5 சதவீதம். இங்கும் வகுப்பது காய்ந்த எடையால்.

இப்போது 10 டன் ஈர மணல் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்; ஈரம் 5, உப்பல் 25 சதவீதம். காய்ந்த எடை 10,000 ÷ 1.05 = 9524 கிலோ. 1550-ஆல் வகுத்தால் 6.14 கன மீட்டர். அது உப்பி லாரியில் நிற்பது 6.14 × 1.25 = 7.68 கன மீட்டர். ஈரத்தைக் கண்டுகொள்ளாமல் 10,000-ஐ நேராக 1550-ஆல் வகுத்தால் வரும் 6.45, இரண்டில் எதுவும் இல்லை. எடைக்கு வாங்கினால் தண்ணீருக்கும் காசு, கன அளவுக்கு வாங்கினால் காற்றுக்கும் காசு. இரண்டில் எடைக்கு வாங்குவதுதான் நஷ்டம் குறைவு: 476 கிலோ தண்ணீர் என்பது 5 சதவீதப் பிழை, உப்பலோ 25 சதவீதம்.

எடைக் கணக்கில் வந்த கலவையை அளவுப்பெட்டிக்கு மாற்றும்போது இதே பிழை கான்கிரீட்டுக்குள் நுழையும். ஒரு மூட்டைக்குக் கலவை இப்படி: சிமெண்ட் 50 கிலோ, காய்ந்த மணல் 95, ஜல்லி 160, தண்ணீர் 25 லிட்டர். ஜல்லியின் குவியல் அடர்த்தி 1500 என்றால் 106.7 லிட்டர். மணல் 95 ÷ 1550 = 61.3 லிட்டர், ஈர மணலாக அளந்தால் 76.6 லிட்டர். உள்ளளவு 40 × 35 செ.மீ. அடி கொண்ட பெட்டி செய்வோம். ஜல்லிக்கு உயரம் 25.4 செ.மீ. வைத்தால் மூன்று பெட்டி. மணலுக்கு 27.4 செ.மீ. வைத்தால் இரண்டு பெட்டி. வெயில் அடித்து மணல் காய்ந்த நாளில் மணல் பெட்டியின் உயரம் 21.9 ஆகக் குறைய வேண்டும். உள்ளே ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளலாம்.

உப்பலைச் சேர்க்காமல் 61.3 லிட்டர் ஈர மணலைப் போட்டால் உண்மையில் போவது 76 கிலோ மணல்தான். மணல் குறைந்த கலவை சொரசொரப்பாக, தேன்கூடு போல ஓட்டை விழும்படி வரும். அதோடு மணலில் இருக்கும் தண்ணீரையும் கழிக்க மறந்திருப்பார்கள். துகள் தனக்குள் உறிஞ்சுவது ஒரு சதவீதம் போக, மீதி 4 சதவீதம், சுமார் 3 லிட்டர், கலவைக்கு வந்து சேரும். தண்ணீர்–சிமெண்ட் விகிதம் 0.50-லிருந்து 0.56-க்கு ஏறிவிடும், வலிமை இறங்கும். சரியான 95 கிலோ மணல் போட்டால் அதிலிருந்து வரும் 3.8 லிட்டரைக் கழித்து, 21.2 லிட்டர்தான் ஊற்ற வேண்டும்.

இந்த ஒரு மூட்டைக் கலவையில் எவ்வளவு கான்கிரீட் தேறும்? இங்கே குவியல் அடர்த்தியை மறந்துவிட்டுத் துகள் அடர்த்திக்குத் தாவ வேண்டும், லிட்டருக்குக் கிலோவில். சிமெண்ட் 50 ÷ 3.15 = 15.9 லிட்டர், மணல் 95 ÷ 2.65 = 35.8, ஜல்லி 160 ÷ 2.70 = 59.3, தண்ணீர் 25. கூட்டினால் 136, இரண்டு சதவீதம் காற்றோடு 138.8 லிட்டர். மொத்த எடை 330 கிலோவை அதனால் வகுத்தால் கன மீட்டருக்கு 2378 கிலோ. கான்கிரீட்டுக்கு நியாயமான எண், ஆகவே கணக்கு சரி. அதே பொருள்கள் தனித்தனிக் குவியலாக 34.7 + 61.3 + 106.7 = 202.7 லிட்டர் இருந்தன. 202.7 ÷ 138.8 = 1.46. கான்கிரீட்டின் கன அளவை 1.54-ஆல் பெருக்கி உலர் அளவு, அதாவது கலக்கும் முன் பொருள்களின் மொத்தக் குவியல் அளவு, காணும் வழக்கம் இங்கிருந்துதான் வருகிறது. அந்த 1.54 ஒரு தோராயம், கொஞ்சம் விரயத்துக்கும் இடம் விட்ட எண். பொருள் வாங்கும் பட்டியலுக்குப் போதும், கலவை வடிவமைக்கப் போதாது.

சிமெண்டைப் பெட்டியில் அளக்கவே கூடாது. 50 கிலோ மூட்டை 34.7 லிட்டர் என்பது மூட்டையில் அமுங்கிக் கிடக்கும் நிலை. பிரித்துக் கொட்டினால் காற்று புகுந்து 1200-க்கும் இறங்கும். 35 லிட்டர் பெட்டியில் 42 கிலோதான் பிடிக்கும். முழு மூட்டைக் கணக்கில் கலவை போடுவதே வழி.

கம்பிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஒரு டன் கம்பி 0.127 கன மீட்டர், அவ்வளவுதான். மீட்டர் எடைக்கு விட்டத்தை மி.மீ.-இல் எடுத்து வர்க்கப்படுத்தி 162-ஆல் வகுக்கலாம்: 12 மி.மீ. கம்பி 0.89 கிலோ, 16 மி.மீ. 1.58 கிலோ.

நிரப்பு மண்ணில் திசை தலைகீழ். 30 கன மீட்டர் பள்ளத்தை இறுக்கி நிரப்ப வேண்டும், இறுக்கிய மண் கன மீட்டருக்கு 1.8 டன் என்றால் வேண்டியது 54 டன். லாரியில் தளர்வாக வரும் மண் 1.4 டன் என்றால் அது 38.6 கன மீட்டர். பள்ளத்தின் அளவுக்கே மண் சொன்னவர்கள் கடைசியில் இன்னொரு லாரிக்குக் காத்திருப்பார்கள்.

தரையில் கிடக்கும் கூம்புக் குவியலுக்கு அடிச்சுற்றளவை நாடாவால் எடுத்து 6.283-ஆல் வகுத்தால் ஆரம். சுற்றளவு 12 மீட்டர், உயரம் 1.2 மீட்டர் என்றால் ஆரம் 1.91, மூன்றில் ஒரு பங்கு × 3.1416 × ஆர வர்க்கம் × உயரம் = 4.58 கன மீட்டர். மேலே சொன்ன ஈர மணல் என்றால் 1.3-ஆல் (10 டன் ÷ 7.68 கன மீட்டர்) பெருக்கி ஏறக்குறைய 6 டன். காய்ந்தது என்றால் 7.1. உச்சி தட்டையாக இருந்தால் இந்தச் சூத்திரம் பொருந்தாது, மட்டமாகப் பரப்பி நீளம், அகலம், உயரம் எடுப்பது நல்லது.

அலகில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் இரண்டு. மீட்டரை அடியாக்கும் 3.28-ஐக் கன மீட்டருக்கும் போடுவது ஒன்று. அதை மூன்று முறை பெருக்கினால்தான் 35.3 வரும். மற்றொன்று டன். மெட்ரிக் டன் 1000 கிலோ, அமெரிக்க டன் 907 கிலோ, பழைய பிரிட்டிஷ் டன் 1016 கிலோ. இணையத்தில் கிடைக்கும் கணிப்பான்களில் எந்த டன் என்று பார்க்காமல் எண்ணைப் போட்டால், ஈரம் எதுவும் இல்லாமலே பத்தில் ஒரு பங்கு காணாமல் போகும்.