அப்படியும் வாசிக்கலாம்

“அப்ப தம்பி, அவ வேலைக்காரியோ?” என்று பெரியவர் கேட்டார். “அப்படியும் வாசிக்கலாம், ஐயா” என்று நான் சொன்னேன். மெல்பேர்னுக்கும் கொழும்புக்கும் இடையே அன்று நாற்பது நிமிடம் பேசினோம். மற்ற முப்பத்தொன்பது நிமிடத்தில் நான் சொன்ன எதுவும் என்னை உறுத்தவில்லை.

அவர் யாழ்ப்பாணம் பறங்கித்தெருவில் வளர்ந்தவர். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்த பின்னர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய, ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று. பழைய சுவடிகளில் வம்சவழி தேடிக் கொடுப்பது என் வேலை; அவர் கேட்டது தந்தைவழியை மட்டுமே. கொழும்பில் 1908இல் ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் அமைந்தபோதும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் சேவையில் வந்த ஓர் ஐரோப்பியனிடமிருந்து ஆண்வழியாக இறங்கி வருவதே தகுதியாகக் கொள்ளப்பட்டதால், இந்தக் கோரிக்கை எனக்குப் புதிதன்று. வழியில் தட்டுப்படும் பெண்களை இத்தகைய வேலையில் அடைப்புக்குறிக்குள் எழுதிவிட்டு மேலே போவதுதான் வழக்கம்.

முதல் பாதி எளிதாக முடிந்தது. ஹேக் நகரத் தேசியச் சுவடிக்கூடத்தில் உள்ள கொம்பனியின் கப்பல் சம்பளப் பேரேடுகளில் அவருடைய மூதாதையின் ஊரும், வந்த கப்பலும், சம்பளத்தில் கழிக்கப்பட்ட கடனும் கிடைத்தன. ஆள் அதிகாரியல்லன், சாதாரணச் சிப்பாய். ஊரும் ஒல்லாந்தில் இல்லை, ஜெர்மன் பேசும் ஒரு சிற்றரசில் இருந்தது. கொம்பனிப் படையில் ஜெர்மானியர் நிறைந்திருந்தனர் என்பதை விளக்கத் தயாராக இருந்தேன். தேவைப்படவில்லை. “மூன்று தலைமுறையாய்ப் பொய் சொல்லிப்போட்டம்” என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகும் அடுத்த செய்தியை நான் ஏன் மெழுகினேன் என்பதுதான் இன்றுவரை எனக்கு விளங்காத சங்கதி.

அடுத்த செய்தி மூன்று தாள்களில் இருந்தது. முதலாவது ஞானஸ்நானப் பதிவு: பிள்ளையின் பெயர், சிப்பாயின் பெயர், சாட்சிகள், பிறகு தாய். அவளுக்குக் கிறிஸ்தவப் பெயர் ஒன்றும், அதன் பின்னால் ‘வான் நாகபட்டணம்’ என்ற ஒட்டும் மட்டுமே உண்டு. இரண்டாவது சிப்பாயின் மரணசாசனம். அதில் அவளை அவன் ‘மெய்ட்’ என்று குறிப்பிடுகிறான். அகராதியைத் திறந்தால் அதற்குப் பணிப்பெண் என்றும் இளம்பெண் என்றும் பொருள் வரும். கொம்பனி ஆண்ட ஊர்களின் வீட்டுப் பேச்சிலோ அடிமைப் பெண்ணையும் அதே சொல்லால்தான் அழைத்தார்கள். மூன்றாவது நீதிமன்றக் கட்டு. சிப்பாயின் இரண்டாந்தாரத்து மகளை மணந்தவன், மூத்தவனுக்குத் தோட்டத்தில் பங்கில்லை என்று வழக்காடுகிறான். மூத்தவனின் தாய் ‘ஸ்லாவின்’, அதாவது அடிமை, பிள்ளை பிறந்தபோது விடுதலை பெறாதவள் என்பது அவன் வாதம். தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்பதே அன்றைய சட்டம்.

தீர்ப்புப் பக்கம் கிடைக்கவில்லை. கட்டின் கடைசித் தாள்களில் மை காகிதத்தையே தின்று, எழுத்து இருந்த இடமெல்லாம் வரிவரியாகத் துளையாகிவிட்டிருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் சல்லடை போல் தெரியும். ஆனால் பிற்காலத் தோம்பில், அதாவது ஒல்லாந்தரின் காணிப் பதிவேட்டில், அதே தோட்டம் மூத்தவன் பெயரில் இருக்கிறது: தென்னை இத்தனை, பலா இத்தனை, கமுகு இத்தனை என்று மரம் மரமாக எண்ணி எழுதியிருக்கிறார்கள். ஆகவே வழக்கில் அவன் வென்றிருக்க வேண்டும். தாய் முன்பே விடுவிக்கப்பட்டவள் என்று நிறுவி வென்றானா, தகப்பனின் சாசனத்தைக் காட்டி வென்றானா, எதிராளி காசு வாங்கிக்கொண்டு ஒதுங்கினானா என்பதைத் தோம்பு சொல்லாது. அதற்கு வேண்டியது காணியின் கணக்கு மட்டுமே.

என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ‘ஸ்லாவின்’ என்ற சொல் எதிராளியின் வாயிலிருந்து வருகிறது. தோட்டத்தைக் கைப்பற்ற வந்தவனின் குற்றச்சாட்டை உண்மை என்று எழுதும் ஆய்வாளன் தன் தொழிலை அறியாதவன். ‘வான் நாகபட்டணம்’ என்ற ஒட்டும் எதையும் உறுதிசெய்யாது. 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினம் ஒல்லாந்தர் கையில் இருந்தது. அங்கிருந்து அடிமைகள் மட்டும் வரவில்லை, சுதந்திரமான கிறிஸ்தவக் குடும்பங்களும் வந்தன. ஆகவே ஆங்கில அறிக்கையின் உடலில் ‘சேர்வன்ட்’ என்று எழுதி, மூலச்சொல்லை அடிக்குறிப்பிலும் வழக்குச் செய்தியைப் பதினோராம் பக்கத்துப் பின்னிணைப்பிலும் வைத்தேன். அறிக்கையை எந்தச் சக ஆய்வாளரிடம் கொடுத்தாலும் பிழை சொல்லமாட்டார்.

ஆனால் பெரியவர் அறிக்கையைப் பற்றிக் கேட்கவில்லை. என்னிடம் கேட்டார். நான் என்ன நினைக்கிறேன் என்பதுதான் அந்தக் கேள்வியின் பொருள், எனக்கோ அப்போது ஐயமே இருக்கவில்லை. எதிராளியானாலும், ஊரறிந்த ஒரு பெண்ணைப் பற்றி நீதிமன்றத்தில் அடியோடு பொய் சொல்லத் துணிந்திருக்கமாட்டான். பிறந்த தேதியில்தான் சண்டை, அவள் ஒருகாலத்தில் அடிமையாக இருந்ததில் சண்டை இல்லை என்றே அந்தக் கட்டை வாசித்த கணத்திலிருந்து நம்பினேன். அப்படி நம்பிக்கொண்டுதான் “அப்படியும் வாசிக்கலாம்” என்றேன். அந்த வாக்கியத்தில் பொய் இல்லை என்பதே அதன் கெட்டித்தனம்.

அவர் மனம் நோகக்கூடாதென்றே அப்படிச் சொன்னதாகச் சில நாள் என்னைத் தேற்றிக்கொண்டேன். இப்போது அது முழு உண்மையாகத் தோன்றவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து போனவள் என்றால் அவள் பேசியது பெரும்பாலும் என் மொழி. 1659ஐ ஒட்டித் தஞ்சைப் பகுதியில் பஞ்சம் வந்தபோது ஆயிரக்கணக்கானோர் அந்தத் துறைமுகத்தில் விலைபோய், யாழ்ப்பாணத்துக்கும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) ஏற்றப்பட்டார்கள். இவள் அவர்களுக்கு நெடுங்காலம் பிந்தியவள். இருந்தாலும் அந்த ஒட்டை வாசிக்கும்போது அந்தக் கப்பல்கள்தான் நினைவுக்கு வருகின்றன. அப்படியானால் அவளுக்காகத்தான் கூசினேனா? அதுவும் இல்லை. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமாக 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையில் அடிமைகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அது பேசுவது ஒல்லாந்தர் வீடுகளைப் பற்றியன்று, எங்கள் வீடுகளைப் பற்றி. அதில் என் முன்னோர் எந்தப் பக்கத்தில் நின்றிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். “எங்கட வீட்டு ஆக்கள்” என்று என் பாட்டி சிலரைச் சொன்ன தொனியும் நினைவில் இருக்கிறது. மெழுகிய சொல் அவருக்காக உண்டானதல்ல, என் வாயில் முன்பே இருந்த சொல்.

இலங்கையில் அடிமைமுறை 1844இல் சட்டத்திலிருந்து நீங்கியது. கொழும்பில் கொம்பனியின் அடிமைகளை அடைத்துவைத்த இடத்தை ஆங்கிலேயர் ‘ஸ்லேவ் ஐலண்ட்’ என்று எழுதினார்கள். தமிழில் நாம் அதைக் கொம்பனித்தெரு என்கிறோம். எத்தனையோ நாள் அங்கே பஸ் ஏறியிருக்கிறேன். எங்கள் பெயரில் கொம்பனி மட்டும் இருக்கிறது, அடிமை இல்லை என்பது இந்த வேலைக்குப் பிறகுதான் உறைத்தது. இது எனக்குச் சாதகமான சாட்சியா பாதகமானதா என்று சொல்லத் தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பெரியவர் வம்சப் படம் ஒன்றை அனுப்பியிருந்தார், பேரப்பிள்ளைகளுக்காகச் சட்டமிட்டது. சிப்பாயின் பெயருக்கு அருகே அவள் பெயர், அதன் கீழே ‘ஹவுஸ்கீப்பர்’. என்னுடைய ‘சேர்வன்ட்’ இன்னொரு படி ஏறிவிட்டிருந்தது. “நன்றி தம்பி, நல்ல வேலை” என்று எழுதியிருந்தார். திருத்தக் கடிதம் ஒன்றைத் தொடங்கினேன். பின்னிணைப்பில் எல்லாம் இருக்கிறதே, எண்பது கடந்த மனிதரை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று நிறுத்தினேன். மறுநாளே அந்தக் காரணம் எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் கடிதத்தை முடிக்கவில்லை.

போன வாரம் அவருடைய பேத்தி எழுதினாள். பதினோராம் பக்கம் வரை வாசித்திருக்கிறாள் போலும். ‘சேர்வன்ட்’ என்பதற்கு மூலத்தில் உள்ள சொற்கள் எவை, இரண்டு தாள்களின் படமும் கிடைக்குமா, கட்டணம் எவ்வளவு என்று கேட்டிருந்தாள். தாத்தாவுக்கு இது தெரியுமா என்று நானும் கேட்டு எழுதலாமா என யோசித்து, கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்று விட்டுவிட்டேன். கட்டணம் வேண்டாம் என்று ஒரு வரி எழுதி, அதையும் அழித்தேன்; இலவசமாகக் கொடுத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். படங்கள் இரண்டும் மின்னஞ்சலில் இணைத்தபடி இருக்கின்றன. இன்னும் அனுப்பவில்லை.