எழுதிய தொகையும் எடுத்துக்கொடுத்த தொகையும்: ஒரு சோதனை ஏலத்தின் நாட்குறிப்பு

3 பிப்ரவரி 2025, திங்கள்

மறுசுழற்சித் தாளில் செய்த எழுதும் நோட்டுக்கு, வழக்கமான நோட்டைவிட எவ்வளவு கூடுதலாகக் கொடுக்க மக்கள் முன்வருவார்கள் என்பதை அறிய வினாத்தாள் ஒன்றே போதும் என்று இன்றைய கூட்டத்தில் சிலர் வாதிட்டார்கள். செலவு குறைவு, விரைவில் முடிந்துவிடும், ஏராளமானவர்களை எட்டலாம் என்று அவர்கள் சொன்ன காரணங்கள் மூன்றும் உண்மைதான். ஆனாலும் என்னால் உடன்பட முடியவில்லை. "இதற்கு எவ்வளவு கொடுப்பீர்கள்?" என்று கேட்டதும் வருகிற பதில், பணப்பையைத் திறக்க வேண்டிய கட்டாயம் இல்லாதவர் சொல்லும் பதில். அவர் பொய் சொல்கிறார் என்று நான் கருதவில்லை. கூட்டிச் சொன்னாலும் குறைத்துச் சொன்னாலும் அவருக்கு ஒரு நட்டமும் இல்லை என்பதால், தன் மனத்தைத் துருவிப் பார்க்க வேண்டிய தேவை அவருக்கு எழுவதில்லை.

பொருளியலாளர் பீட்டர் போம் ஸ்டாக்ஹோமில் நடத்தி 1972-இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்காட்டினேன். ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பார்க்க எவ்வளவு தருவீர்கள் என்று பல குழுக்களிடம், குழுவுக்கு ஒரு கட்டண விதியாக வைத்து அவர் கேட்டார். உண்மையிலேயே பணம் செலுத்த வேண்டியிருந்த குழுக்களின் தொகைகள், விதிகள் மாறியபோதும், ஒன்றுக்கொன்று பெரிதாக விலகவில்லை. பணம் வாங்கப்போவதில்லை, மதிப்பை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்கப்பட்டவர்களின் தொகைதான் தனித்து உயர்ந்து நின்றது. இத்தகைய ஆய்வுகள் இருபத்தெட்டைத் தொகுத்து மர்ஃபியும் உடனாளர்களும் 2005-இல் வெளியிட்ட கட்டுரையில், சொன்ன தொகைக்கும் கொடுத்த தொகைக்கும் உள்ள விகிதத்தின் இடைநிலை அளவு (வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்கும் எண்) 1.35; சராசரியோ 2.60. சில ஆய்வுகளில் விலகல் மிகப் பெரிதாக இருந்ததால் சராசரி இவ்வளவு மேலே போய்விட்டது. ஆகவே, வினாத்தாளில் கிடைக்கும் தொகையை ஏதோ ஒரு நிலையான எண்ணால் வகுத்துச் சரிசெய்துகொள்ளலாம் என்ற யோசனையும் நிற்காது. முடிவில், உண்மையான பணமும் பொருளும் கைமாறும் சோதனை ஏலம் நடத்துவதென்று தீர்மானமாயிற்று.

5 பிப்ரவரி, புதன்

எந்த ஏல முறை என்பதே இன்று முழுவதும் பேச்சு. அடிப்படை, பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1961-இல் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. ஒவ்வொருவரும் தம் தொகையை எழுதி உறையிலிட்டுக் கொடுக்கிறார்கள். மிகுதியாக எழுதியவருக்குப் பொருள் போகிறது. ஆனால் அவர் கட்டுவது தாம் எழுதிய தொகையை அன்று, அடுத்த உயர்ந்த தொகையை. தாம் எழுதும் எண்ணுக்கும் தாம் கட்டும் விலைக்கும் உள்ள தொடர்பை இப்படி அறுத்துவிட்டதில்தான் அந்த முறையின் நுட்பம் அடங்கியிருக்கிறது. ஒருவர் மனத்தில் பொருளின் மதிப்பு 60 என்று கொள்வோம். மலிவாக முடிக்கலாம் என்று 50 எழுதுகிறார். இன்னொருவர் 55 எழுதியிருந்தால், 55 கொடுத்து மகிழ்ச்சியோடு வாங்கியிருக்கக்கூடிய பொருளை இழக்கிறார். எப்படியும் வென்றுவிட வேண்டும் என்று 70 எழுதினால், மற்றவர் 65 எழுதியிருக்கும்போது, 60 மட்டுமே பெறுமானமுள்ள பொருளுக்கு 65 கட்டுகிறார். 60 என்று எழுதினால் இந்த இரண்டு நட்டமும் இல்லை. மற்றவர்கள் என்ன எழுதுவார்கள் என்று ஊகிக்க வேண்டிய தேவையும் இல்லை. விக்ரிக்கு 1996-இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே அவர் காலமானார் என்பதை எப்போது நினைத்தாலும் எனக்கு மனம் கனக்கும்.

ஆனால் இரண்டாம் விலை ஏலத்துக்கு ஒரு குறை உண்டு. பொருளை அவ்வளவாக மதிக்காதவர், தாம் வெல்லப்போவதில்லை என்பதை ஓரிரு சுற்றுகளிலேயே கண்டுகொள்கிறார். அதன்பின் அவர் 5 எழுதினாலும் 15 எழுதினாலும் விளைவு ஒன்றுதான். எனவே கவனம் போய்விடுகிறது. நமக்கோ, அவருடைய தொகையும் வென்றவருடைய தொகையைப் போலவே துல்லியமாக வேண்டும். இதைச் சரிசெய்யத்தான் ஷோகிரென், மார்கோலிஸ், கூ, லிஸ்ட் ஆகியோர் 2001-இல் ஒரு மாற்றத்தை முன்வைத்தார்கள். எல்லாத் தொகைகளையும் இறங்குவரிசையில் அடுக்கிவிட்டு, இரண்டாம் இடம் முதல் கடைசி இடம் வரை ஏதேனும் ஓர் இடத்தைக் குலுக்கல் சீட்டு தீர்மானிக்கிறது. ஏழாம் இடம் வந்தால், மேலே உள்ள ஆறு பேரும் ஏழாமவர் எழுதிய விலைக்கு வாங்குகிறார்கள். யார் வாங்குவார், எந்த விலைக்கு என்பது முன்கூட்டித் தெரியாததால், பொருளைக் குறைவாக மதிப்பவரும் கடைசிவரை ஆட்டத்தில் இருக்கிறார்.

பெக்கர், டீகுரூட், மார்ஷாக் மூவரும் 1964-இல் வகுத்த முறையும் எங்கள் முன் இருந்தது. அதில் போட்டியாளரே கிடையாது. விலையைச் சீட்டு தீர்மானிக்கும், அது தாம் எழுதிய தொகைக்குள் அடங்கினால் அந்தச் சீட்டு விலைக்கே வாங்கிக்கொள்ள வேண்டும். பொருள் விற்கும் இடத்திலேயே ஒருவர் ஒருவராக வைத்து நடத்த அது மிகவும் வசதி. எங்களுக்கு ஒரே அறையில் ஒரு குழு கிடைப்பதால், 2001-ஆம் ஆண்டு முறையையே எடுத்துக்கொண்டோம்.

10 பிப்ரவரி, திங்கள்

விதி முடிவானதும் வேலை முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் ஒவ்வொரு சிறு ஏற்பாடும் கிடைக்கப்போகும் எண்ணை அசைக்கக்கூடியது.

இரண்டு நோட்டுகளையும் ஏலத்தில் வைத்தால் ஒருவர் இரண்டையும் வாங்க நேரலாம். ஒன்று கைக்கு வந்தபின் இரண்டாவதன் மதிப்பு தானாகக் குறைந்துவிடும். ஆகவே எல்லாச் சுற்றுகளும் முடிந்த பிறகு, ஒரே ஒரு சுற்றும் ஒரே ஒரு பொருளும் மட்டுமே குலுக்கலில் செல்லுபடியாகும் என்று வைத்திருக்கிறோம். எது செல்லும் என்று தெரியாத வரை, ஒவ்வொன்றையும் அதுதான் மெய்யான ஏலம் என்று கருதி எழுதியாக வேண்டும்.

இதற்கு மாற்றாக, வழக்கமான நோட்டை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவிட்டு, அதைத் திருப்பிக் கொடுத்து மற்றதை வாங்கிக்கொள்ள எவ்வளவு கூடுதலாகத் தருவீர்கள் என்று கேட்கும் வழியும் உண்டு. கூடுதல் மதிப்பு நேரடியாகக் கிடைப்பது அதன் சிறப்பு. ஆனால் கைக்கு வந்த பொருள்மீது உடனே ஒரு பிடிப்பு ஏற்பட்டுவிடுகிறது. கானமன், நெட்ச், தேலர் ஆகியோர் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், காப்பிக் கோப்பையைக் கையில் பெற்றவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, பெறாதவர்கள் வாங்கச் சொன்ன விலையைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. இலவசமாகக் கிடைத்த நோட்டும் அதே பிடிப்பை ஏற்படுத்தி, கூடுதல் தொகையைக் குறைத்துக் காட்டலாம். அதனால் இரண்டுக்கும் தனித்தனியே தொகை எழுதச் சொல்லி, வேறுபாட்டை நாங்களே கணக்கிட்டுக்கொள்வோம்.

ஏலத்தில் கலந்துகொள்பவர்களுக்குக் கொடுக்கும் வருகைத் தொகையை அன்றே கையில் கொடுப்பதா, சில நாட்களுக்கு முன்பே கொடுத்துவிடுவதா என்பதும் பேசப்பட்டது. சற்றுமுன் கிடைத்த பணத்தை மனிதர்கள் இளகிய கையோடு செலவழிக்கிறார்கள். முன்பே கொடுத்துவிட்டால் அது அவர்களுடைய சொந்தப் பணமாகிவிடும். முன்பே கொடுப்பது என்று முடிவு. ஒரு சுற்றில் விழுந்த விலையை அடுத்த சுற்றுக்கு முன் அறிவிப்பதில்லை என்றும் முடிவு செய்தோம். பழக்கமில்லாத பொருளுக்கு அடுத்தவர் விலையைக் கேட்டதும் தன் மதிப்பையே திருத்திக்கொள்வது மனித இயல்பு.

14 பிப்ரவரி, வெள்ளி

இன்று பயிற்சிச் சுற்று. இந்த முறையின் உயிரே பயிற்சியில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கேகல், ஹார்ஸ்டாட், லெவின் ஆகியோர் 1987-இலேயே, இரண்டாம் விலை ஏலத்தில் கலந்துகொள்பவர்கள் தம் மதிப்பைவிடக் கூடுதலாகவே தொடர்ந்து எழுதுவதைக் காட்டிவிட்டார்கள். கேசனும் பிளாட்டும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவானது: இரண்டு டாலருக்குத் திரும்ப வாங்கிக்கொள்ளப்படும் என்று சொல்லியே ஓர் அட்டையைக் கொடுத்தார்கள். அதன் மதிப்பில் ஐயத்துக்கே இடமில்லை. ஆயினும் முதல் முறையில் பெரும்பாலோர் சரியான தொகையை எழுதவில்லை. விதி மனிதரை உண்மை சொல்ல வைப்பதில்லை; விதியைப் புரிந்துகொண்ட மனிதருக்கே உண்மை சொல்வது ஆதாயமாகிறது.

முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் பென்சிலுக்கான பயிற்சிச் சீட்டில் ஓர் எண்ணை எழுதினார், அடித்தார், அதைவிடச் சிறிய எண்ணை எழுதினார், பிறகு கையை உயர்த்தினார்.

"சார், குறைத்து எழுதினால்தானே எனக்கு லாபம்?"

"நீங்கள் எழுதுவது விலை இல்லை, ஐயா. இதற்கு மேல் போனால் எனக்கு வேண்டாம் என்று நீங்கள் போடும் எல்லைக்கோடு அது. விலையை வேறொருவருடைய சீட்டு தீர்மானிக்கும்."

அவர் சமாதானமாகவில்லை. அவருடைய இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதி, இடையில் ஒரு விலை விழுவதாக வைத்து, பெரிய எண் எழுதியிருந்தால் என்ன நடக்கும், சிறிய எண் எழுதியிருந்தால் என்ன நடக்கும் என்று காட்டினேன். "அப்படியானால் இந்த விலைக்கு எனக்குக் கிடைத்திருக்கும், நானே கெடுத்துக்கொண்டேன்" என்று சொல்லி, அடித்த எண்ணை மறுபடி எழுதினார். அவருக்காகச் சொன்ன விளக்கம் அறை முழுவதற்கும் பயன்பட்டது. மதிப்பை நாங்களே சொல்லிக் கொடுத்த சீட்டுகளோடு, உண்மையான பணம் கைமாறும் பயிற்சி இன்னும் சில சுற்றுகள் நடந்தது. பிளாட்டும் ஸைலரும் 2005-இல் பயிற்சியையும் பெயர் வெளிப்படாமையையும் உறுதிசெய்தபோது, கோப்பைச் சோதனையில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே இருந்த அந்த இடைவெளியே காணாமற்போனது என்பதை உதவியாளர்களுக்கு நினைவூட்டினேன்.

15 பிப்ரவரி, சனி

முதல் மெய்யான ஏலம். அமைதியாக நடந்தது. சீட்டை நிரப்புமுன் நோட்டை எடுத்துப் பார்க்க எல்லோருக்கும் நேரம் கொடுத்தோம். ஏலத்துக்கு முன் நிரப்பிய வினாத்தாளில் சுற்றுச்சூழலைப் பற்றி மிகுந்த அக்கறையோடு எழுதியிருந்த ஓர் இளைஞர், மறுசுழற்சி நோட்டின் பக்கத்தை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தார்; தாளின் சாம்பல் நிறத்தைக் கவனித்தார்; ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு இழுத்து, மை மறுபக்கம் ஊறுகிறதா என்று திருப்பிப் பார்த்தார். அதன் பிறகு எழுதிய தொகை, வினாத்தாளில் தாமே சொன்னதைவிடக் குறைவு. அவருடைய அக்கறை உண்மையானது. மை ஊறுகிறதா என்ற கவலையும் உண்மையானது. வினாத்தாள் முன்னதை மட்டுமே கேட்டது.

20 பிப்ரவரி, வியாழன்

சுழிகளை, அதாவது பூஜ்யங்களைப் பற்றி. மறுசுழற்சி நோட்டுக்குச் சிலர் சுழி எழுதியிருக்கிறார்கள். அதை 'மதிப்பில்லை' என்று அப்படியே பதிவுசெய்வது எளிது. ஆனால் ஒரு சுழிக்குள் பல பொருள் இருக்கலாம். வீட்டில் நோட்டு ஏற்கெனவே இருப்பதால் வேண்டாம் என்றவர் ஒருவர். இந்தத் தாளே பிடிக்காது, இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்றவர் இன்னொருவர். இரண்டாமவருடைய மதிப்பு சுழிக்கும் கீழே. சீட்டில் அதற்கு இடமில்லாததால் சுழியில் வந்து நிற்கிறது. இப்படி ஓர் எல்லையில் முட்டி நிற்கும் தரவுகளுக்காக பொருளியலாளர் ஜேம்ஸ் டோபின் 1958-இல் அமைத்த புள்ளியியல் மாதிரியுருவைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம்.

மேற்புறத்திலும் ஓர் எல்லை இருக்கிறது. வெளியே கடையில் இதே பொருள் என்ன விலைக்குக் கிடைக்கும் என்று தெரிந்தவர், தம் மதிப்பு அதைவிட எவ்வளவு உயர்ந்ததானாலும், கடை விலைக்கு மேல் எழுதமாட்டார். ஹாரிசன், ஹார்ஸ்டாட், ரட்ஸ்டிரம் ஆகியோர் 2004-இல் இதை வலியுறுத்தினார்கள். வழக்கமான நோட்டுக்கு வந்த தொகைகள் பல ஒரே இடத்தில் குவிந்திருப்பதற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும். ஏலத்துக்குப் பின், கடை விலை தங்களுக்குத் தெரியுமா என்று ஒரு கேள்வியைச் சேர்த்திருப்பது இங்கே கைகொடுக்கும்.

24 பிப்ரவரி, திங்கள்

தகவல் சுற்று. முதலில் எந்த விளக்கமும் இல்லாமல் ஓர் ஏலம். பிறகு தாள் எவ்வாறு செய்யப்படுகிறது என்ற குறிப்பைப் படிக்கவைத்து இன்னோர் ஏலம். குறிப்பில் நல்லதை மட்டும் சொல்வதா, குறைகளையும் சொல்வதா என்பதில் நெடிய விவாதம். ஃபாக்ஸ், ஹேய்ஸ், ஷோகிரென் 2002-இல் வெளியிட்ட, கதிர்வீச்சால் பதப்படுத்திய பன்றி இறைச்சி பற்றிய ஆய்வை நான் வாசித்துக் காட்டினேன். ஆதரவான குறிப்பு மட்டும் படித்தவர்களின் தொகை உயர்ந்தது, எதிரான குறிப்பு மட்டும் படித்தவர்களின் தொகை விழுந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தவர்களிடம் எதிரான குறிப்பே மேலோங்கியது, அதன் அறிவியல் அடிப்படை வலுவற்றது என்றபோதும். நல்லதை மட்டும் சொல்லி வாங்கிய உயர்ந்த தொகையை ஒரு நிறுவனம் நம்பி இறங்கினால், சந்தையில் முதல் எதிர்க்குரல் எழும் நாளிலேயே அது செல்லாததாகிவிடும். இரு பக்கமும் எழுதிய குறிப்பையே பயன்படுத்துகிறோம்.

1 மார்ச், சனி

தரவு முழுவதும் கைக்கு வந்துவிட்டது. அறிக்கையில் ஒரே ஒரு சராசரியைக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அதை மட்டும் கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. மறுசுழற்சி நோட்டுக்குக் கூடுதலாக எழுதியவர்களில் ஒரு சிறு பகுதியினர் மிகத் தாராளமாக எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலோருடைய கூடுதல் தொகை சுழியை ஒட்டியே நிற்கிறது. சராசரியைப் பார்த்து விலை வைத்தால், அந்த விலை தாராளமானவர்களுக்கு மலிவாகவும் ஏனையோருக்கு எட்டாததாகவும் இருக்கும். அந்தச் சராசரியளவு கொடுக்க நினைப்பவர் ஏறத்தாழ யாருமே இல்லை.

சோதனை ஏலம் தருகிற உண்மையான செல்வம், ஒவ்வொருவருடைய எல்லைக்கோடும் தனித்தனியே கிடைப்பதுதான். தொகைகளை உயர்ந்ததிலிருந்து தாழ்ந்தது வரை அடுக்கினால் அதுவே தேவைக் கோடு: இந்த விலையில் இத்தனை பேர் வாங்குவார்கள், சற்று ஏற்றினால் இத்தனை பேர் விலகுவார்கள் என்று ஒவ்வொரு விலைக்கும் நேரே வாசிக்கலாம். உற்பத்திச் செலவை அதன்மேல் வைத்தால், எந்த விலை மிகுந்த லாபம் தரும் என்பதும் தெரிந்துவிடும். ஆகவே அறிக்கையின் முதல் பக்கத்தில் இந்தக் கோட்டையும், தகவலுக்கு முன்னும் பின்னும் அது எவ்வளவு நகர்ந்தது என்பதையும் வைத்திருக்கிறேன். சராசரி இரண்டாம் பக்கத்தில், இடைநிலை அளவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சுழி எழுதியவர்களைக் காரணவாரியாகப் பிரித்த அட்டவணை மூன்றாம் பக்கம். மை ஊறாத தாளில் இதே நோட்டைச் செய்து மறு ஏலம் நடத்த வேண்டும் என்ற பரிந்துரையை அதன் கீழேயே எழுதிவிட்டேன்.