சாத்தி வைத்த கதவு

என்னிடம் கொடுப்பதற்கு இருந்தது ஓர் அறை மட்டும்தான். பத்தடிக்குப் பத்தடி, ஒரு ஜன்னல், கழுவிவிடத் தோதான தரை. பூனை மீட்புக் குழுவில் தன்னார்வலராகச் சேர்ந்த அன்று ஒரு படிவம் கொடுத்தார்கள். 'உங்களால் என்ன தர முடியும்?' என்ற கேள்விக்கு எனக்கு முன்னால் இருந்தவர் கார் என்று எழுதினார். இன்னொருவர் ஞாயிற்றுக்கிழமைகள் என்று எழுதினார். நான் அறை என்று எழுதினேன். எழுதி எட்டு ஆண்டுகள் ஆகின்றன.

குழுவில் இந்த வேலைக்கு ஃபாஸ்டர் என்று பெயர். தெருவிலிருந்து எடுத்த பூனை, நிரந்தர வீடு கிடைக்கும் வரை இடையில் தங்கும் இடம். சத்திரம் போல என்று நினைத்துக்கொண்டேன். வருகிறவை வரட்டும், போகிறவை போகட்டும். சத்திரத்துக்கு யாரும் கதவைச் சாத்துவதில்லை அல்லவா? என் தப்பு அங்கேதான் தொடங்கியது.

முதலில் வந்தவை நான்கு குட்டிகள். கண் திறக்கவில்லை. தொப்புள்கொடி காய்ந்த நூல் மாதிரி வயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்தது. நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் 92, 97, 104, 81 என்று எழுதி வைத்திருக்கிறேன். கிராம் கணக்கு. சிரிஞ்சில் பாலை நிரப்பிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தபோது அக்காவின் தொலைபேசி வந்தது. குழுவில் மூத்தவர் அவர். எங்கள் எல்லோருக்கும் அக்கா.

"குட்டியின் வாய்க்குள் விரலை வைத்துப் பார் தம்பி. சூடாக இருக்கிறதா?"

"இல்லை அக்கா. ஜில்லென்று இருக்கிறது."

"அப்படியானால் பாலைக் கீழே வை. உடம்பு சூடாகாமல் ஒரு சொட்டு கொடுக்கக் கூடாது."

குளிர்ந்துபோன குட்டியின் குடல் வேலை செய்யாது. உள்ளே போன பால் அப்படியே தங்கிக் கெட்டு, குட்டியைக் கொன்றுவிடும். முதல் மூன்று நான்கு வாரங்களுக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்குத் தெரியாது. வெந்நீர் புட்டியைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் வைக்க வேண்டும். அதிகம் சுட்டால் நகர்ந்து போவதற்கு மறுபாதி. பாலையும் கைக்குழந்தைக்குக் கொடுப்பது போல மல்லாத்திப் பிடித்துக் கொடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும். குப்புறப் படுத்த நிலையில், தாயின் மடியில் குடிப்பது போலக் கொடுக்க வேண்டும். இரண்டு அல்லது மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும். ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் வாலுக்கடியில் வருட வேண்டும். இல்லாவிட்டால் சிறுநீர் பிரியாது. தாயின் நாக்கு செய்கிற வேலை அது. அந்த நாக்குக்கு ஈடாக ஒரு மனிதனும் ஒரு பஞ்சுப் பொட்டலமும் ஓர் அலாரமும் தேவைப்பட்டன. அப்போதும் அரைகுறைதான்.

பசும்பாலைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். பூனை என்றால் பால் என்பது நம் பேச்சிலேயே ஊறிவிட்டது. பசும்பால் குட்டிகளுக்குச் செரிக்காது, வயிற்றுப்போக்கில் கொண்டுவிடும். நூறு கிராம் உடம்பில் வற்றுவதற்கு எவ்வளவு நீர் இருக்கும்? அவற்றுக்கென்று தயாரித்த பால்மாவுதான் கொடுக்க வேண்டும். இதை, கிண்ணத்தில் பாலோடு கண் கலங்கி நிற்கிறவரிடம் மனம் நோகாமல் சொல்ல எனக்கு இன்னமும் வரவில்லை.

நோட்டுப் புத்தகம்தான் இந்த வேலையின் முதுகெலும்பு. தினமும் ஒரே நேரத்தில், பால் கொடுப்பதற்கு முன் நிறுக்க வேண்டும். நாளுக்குப் பத்துப் பதினைந்து கிராம் ஏறினால் நிம்மதி. ஒருநாள் ஏறாமல் நின்றால் விழித்திருக்க வேண்டும். இறங்கினால் மருத்துவரிடம் ஓட வேண்டும். குட்டி விளையாடுகிறது, நன்றாகத்தான் இருக்கிறது என்று கண் சொல்லும். பூனைகள் நோவை மறைப்பதில் கெட்டிக்காரர்கள். தராசுக்கு அந்தச் சாமர்த்தியம் புரியாது, அது உள்ளதைச் சொல்லிவிடும். 81 கிராம் குட்டி ஐந்தாம் நாள் 79 என்று காட்டியது. ஆறாம் நாள் காலையில் நிறுக்க வேண்டியிருக்கவில்லை. மற்ற மூன்றும் ஒன்பதாவது வாரத்தில் வீடுகளுக்குப் போயின.

அந்த ஒன்றுக்காக நான் என்னை நொந்துகொள்ளவில்லை. நொந்துகொள்ள வேண்டியது இரண்டாம் ஆண்டில் நடந்தது.

அறையில் ஏழு வாரக் குட்டிகள் ஐந்து. அந்த வாரக் கடைசியில் முதல் தடுப்பூசிக்கு நாள் குறித்திருந்தோம். ராத்திரி பத்து மணிக்கு ஒருவர் வாசலில் நின்றார். கையில் துண்டில் சுற்றிய ஒரு சாம்பல் நிற ஆண்குட்டி, மூன்று மாதம் இருக்கும். "வேறு போக்கிடம் இல்லை சார்" என்றார். புதிதாக வருவதை இரண்டு வாரம் தனியே வைக்க வேண்டும் என்ற விதி எனக்கு மனப்பாடம். பயிற்சி நாளில் அதை உரக்கப் படித்துக் காட்டியவனே நான்தான். ஆனாலும் குளியலறையில் தனியாகப் போட்டால் இரவெல்லாம் அழுமே என்று தோன்றிவிட்டது. அதே அறையின் ஒரு மூலையில் கூண்டு வைத்து அதற்குள் விட்டேன். கூண்டுதான் இருக்கிறதே!

மூன்றாம் நாள் சாம்பல் குட்டி தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது, குடிக்காமல். பிறகு வாந்தி. மருத்துவர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு வெள்ளை அணுக்கள் மிகவும் சரிந்திருப்பதாகச் சொன்னார். ஃபெலைன் பான்லூக்கோபீனியா, பார்வோ குடும்பத்து வைரஸ். "வீட்டில் வேறு குட்டிகள் இருக்கின்றனவா?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது.

பத்து நாளுக்குள் என் ஐந்தில் மூன்று போய்விட்டன. தோலுக்கடியில் திரவம் ஏற்றினோம், வாந்திக்கு ஊசி போட்டோம். வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. உடம்பு போராடும் வரை நீர் வற்றாமல் தாங்கிப் பிடிக்கலாம், அவ்வளவுதான். நோயைக் கொண்டுவந்த சாம்பல் குட்டி பிழைத்துக்கொண்டது. வயதில் சற்றுப் பெரியது, அதுவும் காரணமாக இருக்கலாம். அவன் குணமாகி என் மடியில் ஏறிச் சுகமாகக் குர்குர் என்றபோது எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இந்த வைரஸ் வெளியில் ஓர் ஆண்டு வரைகூட உயிரோடு இருக்கக்கூடியது. ஸ்பிரிட்டுக்கும் வழக்கமான தரை சுத்தப்படுத்திகளுக்கும் அசையாது. அழுக்கு போகத் தேய்த்துக் கழுவிய பிறகு, 32 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு பிளீச்சு என்று புதிதாகக் கலந்து பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். துணிகள், அட்டைப்பெட்டிகள், கயிறு சுற்றிய நகம் கீறும் கட்டை எல்லாவற்றையும் தூக்கி எறிந்தோம். பல மாதங்களுக்கு அந்த அறைக்குள் குட்டிகளே வரவில்லை. தடுப்பூசி முடிந்த பெரிய பூனைகளை மட்டும் அனுப்பினார்கள். அக்கா என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.

அதற்குப் பிறகுதான் 'முடியாது' என்று சொல்லப் பழகினேன். கேட்பவர்களுக்கு அது பிடிப்பதில்லை. "பூனைகளைக் காப்பாற்றுகிறவர்கள் என்று சொல்லிக்கொள்கிறீர்களே" என்று ஆரம்பிப்பார்கள். வெறுமனே முடியாது என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிடவும் கூடாது. அனாதை என்று அழைப்பு வரும் குட்டிகளில் பலவற்றுக்குத் தாய் இருக்கிறது. இரை தேடிப் போயிருக்கும், மணிக்கணக்கில் திரும்பாது. ஆள் நிற்பதைப் பார்த்தால் கிட்டவே வராது. தூர விலகிப் பாருங்கள் என்பேன். குட்டிகளைச் சுற்றி வட்டமாகக் கொஞ்சம் மாவு தூவுங்கள், வந்து போனால் காலடி தெரியும். ஒரு பெண்மணி எரிச்சலோடு தூவினார். மறுநாள் காலை அவரே அழைத்தார். மாவில் தடம் இருந்தது, பெட்டியில் குட்டிகள் இல்லை. தாய் இடம் மாற்றிவிட்டிருந்தது. அன்று நான் ஒன்றும் செய்யாததால் நான்கு உயிர்கள் என் பாலிலிருந்தும் பஞ்சிலிருந்தும் தப்பின என்றுதான் சொல்ல வேண்டும்.

உண்மையில் குட்டிகளை வளர்ப்பதைவிடப் பெரிய வேலை கருத்தடைதான். பெண்பூனை நான்கு மாத வயதிலேயே சினையாகலாம். ஒன்பது வாரத்தில் குட்டி போட்டு, அவற்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் சினையாகலாம். பொறிக்கூண்டு வைத்துப் பிடித்து, அறுவை செய்து, மயக்கத்திலிருக்கும்போதே அடையாளத்துக்கு ஒரு காதின் நுனியை நேராக வெட்டி, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவோம். யாரும் படமெடுக்க விரும்பாத வேலை. பூனையும் நன்றி சொல்லாது, காறித் துப்பிவிட்டுத்தான் ஓடும்.

போன ஆண்டு ஒரு மூன்று நிறப் பூனை வந்தது, எட்டு மாத வயது. மூன்று நிறம் என்றாலே ஏறக்குறைய எப்போதும் பெண்தான். வயிறு மட்டும் நாளுக்கு நாள் உப்பிக்கொண்டே போனது. சினை என்று நினைத்தோம். ஊசி போட்டு எடுத்தபோது மஞ்சள் நிறத்தில் பிசுபிசுவென்று நீர் வந்தது. எஃப்ஐபி. பூனைக் கொரோனா வைரஸ் உடம்புக்குள்ளேயே உருமாறி உண்டாக்கும் நோய். நான் சேர்ந்த புதிதில் இந்தப் பெயரைக் கேட்டால் அடுத்த பேச்சு எப்போது வலியில்லாமல் அனுப்புவது என்பதாகத்தான் இருக்கும். 2019இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த நீல்ஸ் பீடர்சனும் அவருடைய குழுவினரும் ஜிஎஸ்-441524 என்ற மருந்தின் முடிவுகளை வெளியிட்டார்கள். 31 பூனைகளில் 25 பிழைத்திருந்தன. மருத்துவர் இந்தக் கணக்கைச் சொன்னபோது நான் உடனே தலையாட்டிவிட்டேன். 84 நாள் மருந்து, தினமும் ஒரே நேரத்தில். அதன் பிறகு இன்னும் 84 நாள் கண்காணிப்பு.

அக்கா என்னைத் தனியாக அழைத்துப் பேசினார்.

"வேண்டாம் என்று சொல்லவில்லை தம்பி. ஆனால் உன் அறை இந்த 12 வாரமும் ஒரே ஒரு பூனைக்கு. அதற்குள் எத்தனை குட்டிகள் அங்கே வந்து போயிருக்கும், எண்ணிப் பார்த்தாயா?"

எண்ணிப் பார்த்தேன். அந்த 84 நாளில் நான் மறுத்த அழைப்புகளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டே வைத்திருந்தேன். பதினேழு கோடுகள். சிலவற்றுக்கு வேறு வீடு கிடைத்தது. சிலவற்றுக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. மருந்து கொடுக்கத் தொடங்கிய மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கி, அவள் கிண்ணத்தை நக்கி நகர்த்திக்கொண்டே அறையைச் சுற்றி வந்த சத்தத்தையும், அந்தப் பதினேழு கோடுகளையும் ஒரே தராசில் வைக்க எனக்குத் தெரியவில்லை. அக்காவும் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

தத்துக் கொடுப்பதற்கு முன் நான் கேட்கும் கேள்விகள் சிலருக்குக் கோபத்தை வரவழைக்கும். ஜன்னலுக்கு வலை உண்டா, வீட்டுக்காரர் சம்மதம் உண்டா, வீட்டில் லில்லிப் பூ வைப்பீர்களா. லில்லியின் மகரந்தம் உரோமத்தில் பட்டு அதை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழக்கும். காய்ச்சலுக்கு நாம் போடும் பாரசிட்டமால் ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். நாய்க்கான தெள்ளு மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் அதுவும் ஆபத்து. மதில்மேல் பூனையாக இருப்பவர்களை நான் இந்தப் பக்கம் தள்ளுவதில்லை. யோசித்துச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிடுவேன், பெரும்பாலும் அவர்கள் திரும்ப வருவதில்லை.

ஒருமுறை ஒரு முதியவர் வந்தார். என் கேள்விகளை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முக்கியமானதைக் கேட்கவில்லையே" என்றார். "எனக்குப் பிறகு இதை யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள்." மகளின் கையெழுத்தோடு ஒரு தாளை மடித்துச் சட்டைப் பையில் கொண்டுவந்திருந்தார். யாரும் கேட்டு வராமல் ஏழு மாதமாகக் குழுவில் கிடந்த ஒன்பது வயதுப் பூனையை அவருக்குக் கொடுத்தோம். முதல் வாரம் அவர் அனுப்பிய படங்கள் அத்தனையிலும் கட்டிலுக்கடியில் இரண்டு கண்கள் மட்டும்தான் தெரிந்தன. நான்காவது வாரத்துப் படத்தில் அவருடைய மூக்குக்கண்ணாடியின் மேல் அது உட்கார்ந்திருந்தது.

மூன்று நிறத்தாள் கண்காணிப்பு முடிந்து போன சனிக்கிழமை கிளம்பினாள். கூடைக்குள் போகமாட்டேன் என்று என் கையில் நான்கு கோடு போட்டுவிட்டுத்தான் போனாள். நான் வாளியைக் கொண்டுவந்து அறையைக் கழுவினேன். சுவரின் அடிப்பாகம், ஜன்னல் விளிம்பு, கதவின் கைப்பிடி. பிளீச்சு ஊறிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. பேசியவருக்குக் குரல் நடுங்கியது. மூன்று குட்டிகள், தாய் தெருவில் அடிபட்டுக் கிடக்கிறது, கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன் என்றார்.

"வாய்க்குள் விரலை வைத்துப் பாருங்கள்" என்றேன். "சூடாக இருக்கிறதா?"

"கொஞ்சம் இருக்கிறது சார். இப்போதே கொண்டுவரட்டுமா?"

"துணியில் சுற்றி உங்கள் உடம்போடு அணைத்து வைத்துக்கொள்ளுங்கள். பால் எதுவும் கொடுக்காதீர்கள். இங்கே தரை காய வேண்டும், ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள்."