அனுப்புநர்: நான், பெறுநர்: நான்

2018 அக்டோபர் கடைசி. தீபாவளி போனஸ் கணக்கு ஓடிக்கொண்டிருந்த வாரம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் கம்ப்யூட்டர் என்று பெயர் வைத்த எல்லாவற்றுக்கும் நான்தான் ஆள். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் எனக்குத்தான் போன் வரும், சர்வர் படுத்தாலும் எனக்குத்தான். அக்கவுண்ட்ஸ் பார்க்கும் பெரியவர் மட்டும் எதற்கும் கூப்பிட மாட்டார். அவர் ஒரு நாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, "தம்பி, ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்க" என்றார். குரலே சரியில்லை.

போய்ப் பார்த்தால் மானிட்டரின் கீழ் ஓரத்தில், பச்சையாக எரியுமே அந்தச் சின்ன விளக்கு, அதன் மேல் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறார். எனக்குப் புரியவில்லை. "கேமராங்க" என்றார் மெதுவாக. அந்த மானிட்டரில் கேமராவே கிடையாது.

மெயிலைத் திறந்து காட்டினார், காட்டும்போது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த வருடம் உலகம் பூராவும் சுற்றிய அதே மெயில்தான். உன் கணக்கை உடைத்துவிட்டேன், நம்பிக்கை இல்லையென்றால் அனுப்பியவர் முகவரியைப் பார், உன் கணக்கிலிருந்தே உனக்கு எழுதுகிறேன், நீ ஆபாசத் தளம் பார்த்ததைக் கேமராவில் பதிவு செய்திருக்கிறேன், இத்தனை மணி நேரத்துக்குள் பிட்காயினில் பணம் போடு, இல்லையென்றால் உனக்குத் தெரிந்த எல்லோருக்கும் வீடியோ போகும். அனுப்புநர் இடத்தில் அவர் முகவரி, பெறுநர் இடத்திலும் அவர் முகவரி.

"பொய்யிங்க சார், டெலீட் பண்ணிடுங்க" என்றேன். அவர் நகரவில்லை. "நான் பதில் போட்டேன் தம்பி" என்றார்.

அங்கேதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, முந்தின ராத்திரி வீட்டிலிருந்து, "ஐயா நான் அந்த மாதிரி ஆள் இல்லை, தயவுசெய்து விட்டுவிடுங்கள்" என்று இங்கிலீஷில் தட்டி ரிப்ளை கொடுத்திருக்கிறார். ரிப்ளை எங்கே போகும்? அனுப்புநர் முகவரிக்கு, அதாவது அவருக்கே. அடுத்த நொடி அவர் எழுதின கெஞ்சல் அவர் இன்பாக்ஸிலேயே வந்து நின்றது. அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் தெரியுமா? அவன் உள்ளேயேதான் உட்கார்ந்திருக்கிறான், நான் எழுதுவதை எடுத்து எனக்கே திருப்பிக் காட்டுகிறான் என்று. அன்று ராத்திரி அவர் தூங்கவில்லை.

இதில் என் பங்கு என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தின வாரமே மெர்ச்சண்டைசிங்கில் இரண்டு பேர் இதே மெயிலைக் காட்டினார்கள், நானும் சிரித்துக்கொண்டே "ஒன்னுமில்ல, தூக்கிப் போடுங்க" என்று அனுப்பிவிட்டேன். ஆபீஸ் முழுக்க ஒரு வரி எழுதிப் போட எனக்குத் தோன்றவில்லை. எனக்கு ஒன்றுமில்லாதது எல்லோருக்கும் ஒன்றுமில்லாதது என்ற நினைப்பு, கம்ப்யூட்டர் ஆட்களுக்கு இருக்கும் வியாதி. இன்னொன்று இதைவிடக் கேவலம். அந்த மெயில்கள் ஸ்பாமுக்குப் போகாமல் நேராக இன்பாக்ஸுக்கு வந்ததற்கே நான்தான் காரணம். ஒரு தடவை முதலாளி அனுப்பிய விலைப்பட்டியல் பக்கத்து அறை மேனேஜருக்கே ஸ்பாமில் விழுந்து பெரிய சத்தமாகிவிட்டது. அன்று கோபத்தில் எங்கள் டொமைனையே, அதாவது மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் கம்பெனி பெயரையே, ஸ்பாம் ஃபில்டரின் வொயிட்லிஸ்டில் சேர்த்துவிட்டேன். நம் முகவரியிலிருந்து வருவது எப்படி ஸ்பாமாகும் என்ற கணக்கு. எங்கள் பெயரை நெற்றியில் எழுதிக்கொண்டு யார் வந்தாலும் வாசலில் கேட்காமல் விடு என்று நானே எழுதி வைத்த உத்தரவு அது.

பெரியவருக்கு எப்படி விளங்க வைப்பது? தலைப்பு, ஹெடர், சர்வர் என்று ஆரம்பித்தால் தலையாட்டுவார், பயம் போகாது. பேக்கிங் செக்ஷனைக் காட்டினேன். "சார், அட்டைப்பெட்டி மேல ஷிப்பிங் மார்க் அடிக்கறாங்க இல்லீங்களா. எதிர் கம்பெனிக்காரன் அவன் பெட்டி மேல நம்ம பேரை அடிச்சா, அவன் நம்ம குடோனுக்குள்ள வந்துட்டான்னு அர்த்தமுங்களா?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ஸ்டென்சில் இருந்தா யார் வேணா அடிக்கலாம்" என்றார். அவ்வளவுதான் விஷயம். மெயிலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும் எஸ்எம்டிபி முறையை 1982இல் ஜான் போஸ்டல் எழுதி வைத்தபோது, அனுப்புகிறவர் தன் பெயரைச் சொன்னால் நம்பிவிடு என்கிற ஏற்பாடுதான் இருந்தது. அப்போது வலையில் இருந்தவர்கள் கொஞ்சம் பேர், ஒருவரையொருவர் நம்பிக்கொண்டார்கள்.

அப்புறம் முதலாளி. இதையெல்லாம் சரி செய்ய இரண்டு வாரம் வேண்டும், நடுவில் சில மெயில் நிற்கலாம் என்றால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார், ஷிப்மென்ட் நேரம் வேறு. அதனால் சொல்லாமல் செய்து காட்டினேன். வேறொரு வாடகை சர்வரிலிருந்து, இன்னொரு சர்வரோடு நேரடியாகத் தட்டிப் பேச உதவும் டெல்நெட்டில், எங்கள் மெயில் சர்வர் மெயில் வாங்கும் வாசலான 25ஆம் போர்ட்டைத் திறந்தேன். ஹலோ சொன்னால் அதுவும் ஹலோ சொல்லும். மெயில் ஃப்ரம் என்று முதலாளி முகவரி, பெறுநரைச் சொல்லும் ஆர்சிபிடி டூ என்று மறுபடி முதலாளி முகவரி, டேட்டா, அப்புறம் "நாளைக்கு எல்லோருக்கும் லீவு" என்று ஒரு வரி, கடைசியில் தனியாக ஒரு புள்ளி. பாஸ்வேர்ட் எங்கேயும் கேட்கவே இல்லை. முழுசாக அரை நிமிடம் ஆகவில்லை, அவர் செல்போன் டிங் என்றது.

"ஏப்பா, இதை நான் எப்ப அனுப்புனேன்?"

விளக்கினேன். அவர் கேட்ட அடுத்த கேள்விதான் முதலாளி என்றால் முதலாளி என்று நினைக்க வைத்தது: "இதே மாதிரி என் பேர்ல பையருக்கும் போகுமா?" போகும் என்றேன். பேங்க் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்புங்கள் என்று வெளிநாட்டு பையருக்குப் போலி மெயில் போன கதைகள் அப்போதே ஊரில் பேச்சாக இருந்தன. இரண்டு வாரம் கிடைத்தது.

வேலை என்று பார்த்தால் முதலில் அந்த வொயிட்லிஸ்டை எடுத்தேன். எங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்பத் தகுதியுள்ள சர்வர்கள் இவைதான் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவு ஏற்கெனவே இருந்தது. ஆனால் அதன் கடைசியில் அலைக்குறி (~). மற்றவர்கள் மேல் சந்தேகப்படு, ஆனால் வாங்கிக்கொள் என்று அர்த்தம். அதைக் கழித்தல் குறியாக மாற்றினால் வாங்காதே என்று அர்த்தம். எஸ்பிஎஃப் மட்டும் போதவும் போதாது, ஏனென்றால் அது பார்ப்பது பெட்டி மேல் அடித்த மார்க்கை, அதாவது சர்வர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் அனுப்புநர் முகவரியை. ஆள் கண்ணில் படும் அனுப்புநர் பெயர் உள்ளே இருக்கும் பேக்கிங் லிஸ்டில் இருக்கிறது, இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கடிதத்துக்கு முத்திரை குத்தும் டிகேஐஎம் ஒன்று, இந்த இரண்டில் ஒன்றாவது கண்ணில் படும் பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்லும் டிமார்க் ஒன்று, இவையும் சேர்ந்தால்தான் பூட்டு பூட்டாகும்.

டிமார்க்கை முதலில், எதையும் தடுக்காமல் அறிக்கை மட்டும் கேட்கிற, வேடிக்கை பார்க்கும் நிலையில் வைத்தேன். மெயில் வாங்குகிற கம்பெனிகளிடமிருந்து தினமும் வந்த அறிக்கைகளைப் பிரித்துப் பார்த்தால் நாங்கள் கேள்வியே படாத நாட்டு முகவரிகளிலிருந்தெல்லாம் எங்கள் பெயரில் மெயில் போய்க்கொண்டிருக்கிறது. திகைப்பு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், உண்மையில் எங்களுக்கே சொந்தமான போலிகள்! சாம்பிள் ரூம் ஜெராக்ஸ் மெஷின் ஸ்கேன் செய்ததை அனுப்பும்போது, யார் ஸ்கேன் செய்கிறாரோ அவர் பெயரிலேயே அவருக்கு அனுப்பும், அதுவும் பிராட்பேண்ட்காரன் சர்வர் வழியாக. அச்சு அசல் மோசடி மெயிலின் ஜாடை. பேஸ்லிப் அனுப்பும் சாஃப்ட்வேர் வேறு யாரோ ஒருவருடைய சர்வரில் இருந்தது, அதை நான் மறந்துவிட்டுக் கழித்தல் குறியைப் போட, சம்பள நாளன்று ஒருத்தருக்கும் பேஸ்லிப் வரவில்லை. அன்று வாங்கின திட்டு தனி. எல்லாவற்றையும் தேடிப் பிடித்துச் சேர்த்து, டிமார்க்கை முழுதாக மறுக்கும் நிலைக்குக் கொண்டுவர 2019 நடுப்பகுதி ஆகிவிட்டது. 2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் மொத்தமாக நிறைய மெயில் அனுப்புகிறவர்களுக்கு இந்த மூன்றையும் கட்டாயமாக்கியபோது, நண்பர்கள் சிலர் அலறியடித்துக்கொண்டு போன் செய்தார்கள். எனக்கு ஜெராக்ஸ் மெஷின்தான் ஞாபகம் வந்தது.

பெரியவர் பாஸ்வேர்டை மாற்றினார், தேவையில்லை என்று சொல்லியும். பிளாஸ்திரியை எடுக்கவில்லை, நானும் எடுக்கச் சொல்லவில்லை.

ஒரு வருடம் கழிந்திருக்கும். காலையில் நான் உள்ளே நுழையும்போதே கை காட்டினார். "மறுபடியும் வந்துருச்சுங்க தம்பி. என் பேர்லயே." திரையில் ஒரே ஒரு மெயில், தலைப்பில் எதுவும் இல்லை, முந்தின ராத்திரி 11 மணிக்கு வந்தது. திறக்காமல் காத்திருந்திருக்கிறார். திறந்தேன். "பி.எஃப். சலான் 15ஆம் தேதிக்குள்" என்று இருந்தது.

"இது நீங்க அனுப்பினதுங்க சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு தடவை படித்தார். "ஆமா, படுக்கப் போறப்ப செல்லுல போட்டேன்" என்றார். அப்புறம் டிராயரைத் திறந்து டைரியை எடுத்து, அதே வரியைப் பேனாவால் எழுதிக்கொண்டார்.