தென்னை ஓலை கருத்தபோது

கோடை தொடங்கியதும் எங்கள் தோப்பில் அடி மட்டைகளின் ஓலை, மேல்பக்கம் மட்டும் கரி பூசினதுபோல ஆகிவிட்டது. ஊடே நின்ற வாழை இலையும் அப்படியே. மருந்துக் கடையில் காட்டியதும், "பூஞ்சாணமுங்ண்ணா, இதை அடிச்சா நின்னுரும்" என்று ஒரு டப்பாவை எடுத்து வைத்தார்கள். நான் வாங்கவில்லை. விரலால் தேய்த்தால் கருப்பு உரிந்து வந்தது, அடியில் ஓலை பச்சையாகவே இருந்தது. இலைக்கருகலாக இருந்தால் ஓலையே காய்ந்து பழுப்பாகியிருக்கும், தேய்த்தால் போகாது.

திருப்பிப் பார்க்க வேண்டியது, கருத்த ஓலைக்கு மேலே உள்ள ஓலையின் அடிப்பக்கத்தை. குட்டை மரமாகப் பார்த்து மட்டையை வளைத்தேன். வெள்ளை மெழுகு, சுருள் சுருளாக முட்டை, தட்டினால் கிளம்பிப் பறக்கும் ஈ. ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. 2016இல் இந்தியாவிலேயே முதன்முதலாக இதைக் கண்டது எங்கள் பொள்ளாச்சிப் பக்கம்தான். பெருமைப்பட ஒன்றுமில்லை. ஈ சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான கழிவைக் கீழே சிந்துகிறது. கருப்புப் பூஞ்சாணம் அதன்மேல் வளர்கிறது, ஓலைக்குள் போவதில்லை.

வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை, பூச்சிமருந்தைத் தொடாதே என்பது. என்கார்சியா என்ற பொடிக் குளவி ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்கிறது. மருந்து அடித்தால் அதுவும் சேர்ந்து சாகும். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். குளவி புகுந்த குஞ்சுகள் கருத்திருந்தன, சிலவற்றில் குளவி வெளியேறின வட்ட ஓட்டை. அதைப் பார்த்த பிறகுதான் வீட்டில் "சும்மா இருக்கறயே" என்ற பேச்சு ஓய்ந்தது.

சும்மாவும் இருக்கவில்லை. ஏக்கருக்கு 8 வீதம், 5 அடி நீளத்தில் மஞ்சள் தாளுக்கு விளக்கெண்ணெய் தடவிக் கட்டினோம். புழுதி படிந்தால் ஈ ஒட்டாது, துடைத்துத் துடைத்துத் தடவ வேண்டும், சலிப்பான வேலை. எட்டுகிற மரங்களுக்கு ஓலையின் அடியில் தண்ணீரைப் பீச்சி அடித்தோம். கருப்புக்கு, லிட்டருக்கு 25 கிராம் மைதா காய்ச்சின பசை. காய்ந்ததும் கருப்போடு செதில் செதிலாக உதிர்கிறது. நெட்டை மரத்துக்கு யார் ஏறி அடிப்பது? அதை மழைக்கு விட்டுவிட்டோம்.

மழை பிடித்ததும் ஈ குறைந்தது. ஒழியவில்லை, வெயில் ஏறினால் திரும்ப வரும். பக்கத்துத் தோட்டத்து அண்ணன், குளவி புகுந்த குஞ்சுகள் உள்ள ஓலைத் துண்டுகளைக் கேட்டார், அவர் மரத்து ஓலையில் அடிப்பக்கமாகக் குத்திவிட. அவர் அதற்குள் ஒரு தரம் மருந்து அடித்திருந்தார். அதன் வீரியம் போன பிறகு வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.