ராணி போக்ரியில் பாய் டீகா

முக்திநாத் யாத்திரையாகக் காத்மாண்டு வரும் தமிழகத்து அடியார்கள் பசுபதிநாதரைத் தரிசித்து, புத்தநீலகண்டத்தில் பள்ளிகொண்ட பெருமாளையும் சேவித்துவிட்டுப் புறப்பட்டுவிடுவது வழக்கம். நகரின் நடுவே ராணி போக்ரி என்னும் குளத்துக்குள் நிற்கும் பால கோபாலேஸ்வரர் கோயிலை அவர்கள் வெளியிலிருந்து பார்த்திருக்கலாம். உள்ளே சென்றவர்கள் அரிது. அந்தச் சிவாலயம், நேபாளத்தின் திஹார் பண்டிகையின் ஐந்தாம் நாளான, சகோதரிகள் உடன்பிறந்தாருக்கு நெற்றிப் பொட்டு (டீகா) இடும் பாய் டீகா அன்று மட்டுமே பொதுமக்களுக்குத் திறக்கப்படுகிறது. அந்த நாளை எண்ணியே எங்கள் பயணத்தை அமைத்துக்கொண்டோம்.

தீபாவளியை ஒட்டி வரும் திஹாரில் முதல் நாள் காகத்துக்கும், இரண்டாம் நாள் நாய்க்கும், அமாவாசைக் காலையில் பசுவுக்கும், மாலையில் லட்சுமிக்கும் பூஜை நடைபெறுகிறது. நான்காம் நாள் காளைக்கும் கோவர்த்தனத்துக்கும் உரியது. காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான நேவார் மக்கள் அன்று தம் உடலையே வழிபடும் மஹ பூஜை செய்கின்றனர். காகத்தில் தொடங்கி உடன்பிறந்தாரில் நிறைவுறும் இந்த வரிசை, கனுப்பிடி வைத்து அண்ணன் தம்பிகளுக்காக வேண்டிக்கொள்ளும் நம் வீட்டுப் பெண்களுக்கு அந்நியமாகத் தோன்றாது.

பாய் டீகாவன்று காலை, பஞ்சாங்கக் குழு அறிவித்த முகூர்த்தத்தில், நாங்கள் தங்கியிருந்த வீட்டின் மூத்த மகள் தம்பிகளை வரிசையாக அமரவைத்து, செப்புச் செம்பிலிருந்து நீரும் எண்ணெயும் சொட்டச் சொட்ட அவர்களை மும்முறை வலம் வந்தார். எமனைத் தடுக்கும் கோடு அது. பிறகு வாசற்படியில் அக்ரூட் கொட்டையைக் கல்லால் உடைத்துவிட்டு வந்து, தம்பியரின் நெற்றியில் அரிசிமாவுப் பட்டை இட்டு, அதன்மேல் ஏழு வண்ணப் பொட்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தார். எண்ணெய் உலரும்வரை, அறுகு காயும்வரை, வாடாமல்லி மாலை வாடும்வரை தன் தம்பியைத் தொடக்கூடாது என்று ஒரு தமக்கை எமனிடம் வரம் கேட்டதாகக் கதை. காய்ந்தாலும் நிறம் மாறாத அந்தப் பூவைத் தேர்ந்தெடுத்தவளின் சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும். பூஜை முடிந்ததும் தம்பியருக்கு வளையம்போல் சுட்ட சேல் ரொட்டியும் பருப்பு வகைகளும் வழங்கப்பட்டன. அவர்களும் அக்காவுக்குப் பொட்டிட்டு, பரிசு தந்து வணங்கினர்.

அதன்பின் கோயிலுக்குச் சென்றோம். மகன் சக்ரவர்த்தேந்திரனை இழந்த அரசியைத் தேற்ற, மன்னர் பிரதாப மல்லர் 1670-இல் இக்குளத்தை வெட்டி, பல தீர்த்தங்களின் நீரைக் கொணர்ந்து சேர்த்தார் என்பது வரலாறு. தென்கரையில் மன்னரையும் மைந்தரையும் சுமந்து ஒரு கல்யானை நிற்கிறது. 2015 நிலநடுக்கத்தில் சிதைந்த கோயிலை மீட்கும் பணியில் கான்கிரீட் புகுந்தபோது நகர மக்கள் எதிர்த்தனர். பின்னர் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு பழைய சிகர வடிவில் எழுப்பி, 2020-இல் நிறைவு செய்தனர். அந்த எதிர்ப்பு நியாயமானது என்பதைக் கோயிலை நேரில் கண்டபோது உணர்ந்தேன்.

பாலத்தின்மேல் நீண்ட வரிசையில் நின்றவர்களில் பலர் உடன்பிறந்தார் இல்லாதவர்கள். இன்று டீகா இட வீட்டில் ஒருவரும் இல்லாதோர் இந்த ஈசனை வணங்கி, இங்கேயே டீகா பெற்றுக்கொள்கிறார்கள். எங்களுக்கு முன் நின்ற முதியவர், அறிமுகமில்லாத ஓர் இளம்பெண்ணை “பஹினி” (தங்கை) என்று அழைத்துத் தலை குனிந்தார். அவள் தயக்கமின்றிப் பொட்டிட்டு, தன் தட்டிலிருந்த மாலையை அவருக்கு அணிவித்தாள்.

யாத்திரையை இந்நாளோடு இணைக்க விரும்புவோர் திதியைப் பார்த்துப் பயணச்சீட்டு எடுக்க வேண்டும். டீகா முடியும்வரை கடைகள் பெரும்பாலும் திறப்பதில்லை. ஆகவே தேவையானவற்றை முந்தைய நாளே வாங்கி வைத்துக்கொள்வது நலம்.